காட்டுபாவா பள்ளிவாசலுக்கு முன் திருமயத்தில் இறங்கு

அன்புள்ள யாழினிக்கு,

விடுமுறைக் கட்டுரைக்காகக் காட்டுபாவா பள்ளிவாசலைப் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் நேரே அங்கே போய் இறங்காதே. புதுக்கோட்டையிலிருந்து 20 கி.மீ.யில் திருமயம், அதே சாலையில் இன்னும் 10 கி.மீ. போனால் பள்ளிவாசல். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்த வட்டாரத்து மனிதர்கள் உனக்குப் பிடிபடுவார்கள்.

திருமயத்தில் இறங்கியதும் எல்லோரும் கோட்டைக்குத்தான் போவார்கள். சேதுபதி மன்னர் 1687-இல் கட்டியது. நீயும் ஏறிப் பார். ஆனால் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது மலையடிவாரத்தில் இருக்கிறது. ஒரே பாறையில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைகள்: ஒன்றில் சத்தியகிரீசுவரர், மற்றதில் பள்ளிகொண்ட பெருமாள். இரண்டு கோயில்காரர்களுக்கும் ஒரு காலத்தில் தகராறு முற்றிப்போனது. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் உட்கார்ந்து பேசினார்கள். வருமானத்தைப் பங்கு பிரித்தார்கள், நடுவே மதில் எழுப்பினார்கள், முடிவைக் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

அந்த மதிலை அவசியம் பார். கட்டுரையில் ‘மத நல்லிணக்கம்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விடாதே, அம்மா. சண்டை வந்தது, பஞ்சாயத்து நடந்தது, பேசி முடித்தார்கள், இன்றைக்கும் இரண்டு சந்நிதியிலும் விளக்கு எரிகிறது. சண்டையே வராத ஊர் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். சண்டையைத் தீர்க்கத் தெரிந்த ஊர்மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.

அங்கிருந்து மதுரை போகிற பஸ்ஸில் ஏறு. பள்ளிவாசல் என்று பெயர் இருந்தாலும், ஜனங்கள் தேடி வருவது காட்டுபாவா என்று அழைக்கப்படும் பாபா பக்ருதீன் அடங்கியிருக்கும் தர்காவை. முஸ்லிம்களும் இந்துக்களும் வருகிறார்கள். செருப்பை வெளியே விட்டு, துப்பட்டாவால் தலையை மூடிக்கொள். பெண்கள் எதுவரை போகலாம் என்பது தர்காவுக்குத் தர்கா மாறும். கேட்டுவிட்டு உள்ளே போ. தொழுதுகொண்டிருப்பவர்களைப் போட்டோ எடுக்காதே, அவர்களுக்குக் குறுக்கே நடக்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை நேரம், அன்றைக்கு வேண்டாம்.

உள்ளே போனதும் திசையைக் கவனி. மக்கா நமக்கு மேற்கே இருப்பதால் தொழுகிறவர்கள் மேற்குப் பார்த்து நிற்பார்கள். கபுரு, அதாவது சமாதி, வடக்குத் தெற்காக அமைந்திருக்கும்; தலைமாடு வடக்கே, முகம் மேற்கே திரும்பியிருக்கும்படி அடக்கம் செய்வது வழக்கம். பட்டுப் போர்வையும் மல்லிகையும் கண்ணில் படுவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால், சமாதியைச் சுற்றி நடப்பதெல்லாம் உனக்கு விளங்கும். சர்க்கரையும் ஊதுபத்தியும் கொடுத்துப் பாத்திஹா ஓதச் சொல்பவர்களில் நெற்றியில் குங்குமத்தோடு நிற்கிற அம்மாக்களும் இருப்பார்கள். என்ன நேர்ச்சை, எத்தனை தலைமுறையாக வருகிறார்கள் என்று பக்குவமாகக் கேள். நம் ஜனங்கள் மறைக்க மாட்டார்கள். பாவாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சொன்னபடியே எழுதிக்கொள், எது உண்மை என்று அங்கேயே வழக்காடாதே.

தர்காவின் ஆண்டு விழாவான உரூஸ் ரபீயுல் ஆகிர் மாதத்தில் நடக்கும். அது பிறைக் கணக்கு. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும், அதனால் சென்ற ஆண்டுத் தேதியை நம்பிக் கிளம்பிவிடாதே. முடிந்தால் இரண்டு முறை போ. கூட்டமில்லாத ஒரு காலையில் கட்டடத்தைப் பார்க்கலாம், உரூஸ் அன்றைக்கு மனிதர்களைப் பார்க்கலாம்.

காலை ஏழு மணிக்கே புறப்பட்டுவிடு. வெயில் ஏறிவிட்டால் கோட்டைப் பாறையில் கால் வைக்க முடியாது. குடைவரைகளை மதியம் நடை சாத்துவதற்குள் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலை மறக்காதே. கிளம்பும் தேதியை அம்மாவிடம் சொல்லி எனக்கு போன் போடச் சொல், திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா