மருந்தை எடை போடுவது எப்படி?

வலது கையின் மூன்று விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, மெதுவாக வைத்துப் பாருங்கள். நாடி துடிப்பது தெரிகிறதா? கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு இது பொதுவாக 60-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும். நிமிடத்துக்கு 70 என்று வைத்துக் கொண்டால், ஒரு நாளில் இதயம் 1,00,800 தடவை துடிக்கிறது!

இத்தனை துடிப்புகளையும் ஒழுங்காக நடத்தி வைப்பது யார்? இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுக் கூட்டம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய மின் அலை புறப்படுகிறது. அலை முதலில் மேலறைகளில் பரவுகிறது, அவை சுருங்குகின்றன. பிறகு கீழறைகளுக்குச் செல்கிறது. அவை சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. அடுத்த அலை, அடுத்த துடிப்பு.

சில சமயம் கீழறையில் உள்ள ஏதோ ஓர் இடம், தன் முறை வருவதற்கு முன்பே தானாக ஒரு அலையை எழுப்பிவிடும். இதனை நாம் 'முந்து துடிப்பு' என்று அழைப்போம். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் இது எப்போதாவது வருவதுண்டு. அதனால் தீங்கில்லை. ஆனால் மாரடைப்பு வந்தவர்களின் கதை வேறு.

ஒரு நியாயமான யோசனை

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டால், அந்தப் பகுதித் தசை பட்டுப்போகிறது. அதுவே மாரடைப்பு. பிழைத்தவர்களின் இதயத்தில், பட்டுப்போன இடம் தழும்பாக மாறுகிறது. அத்தகையோரில் முந்து துடிப்பு அதிகம் உள்ளவர்கள் திடீரென்று இறந்துபோவதும் அதிகம் என்று 1970-களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். உடனே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யாவிட்டால் சில நிமிடங்களில் மரணம்.

எனவே ஒரு யோசனை பிறந்தது. முந்து துடிப்பை அடக்கினால் திடீர் மரணத்தையும் தடுக்கலாம் அல்லவா? என்கைனைடு, பிளெக்கைனைடு என்ற இரு மருந்துகள் முந்து துடிப்பை மிக நன்றாக அடக்கின. நோயாளிக்கு மாத்திரை கொடுத்து, இதய மின்வரைபடம் எடுத்துப் பார்த்தால், முன்பு தாறுமாறாக இருந்த கோடு இப்போது அழகாக, ஒரே சீராக இருந்தது. 1980-களில் அமெரிக்காவில் ஏராளமானோருக்கு இம்மருந்துகள் தரப்பட்டன.

நீங்கள் மருத்துவராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கொடுத்திருப்பீர்கள், இல்லையா?

சற்றுப் பொறுங்கள். ஒரு பேருந்தின் டீசல் அளவுமானியில் முள் கீழே கிடக்கிறது. அதைக் கையால் தள்ளி 'நிறைந்தது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டால், தொட்டியில் டீசல் நிறைந்துவிடுமா? முந்து துடிப்பு மரணத்துக்குக் காரணமா? அல்லது இதயம் கெட்டிருப்பதைக் காட்டும் முள் மட்டும்தானா? மின்வரைபடத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நாணயம் எதற்கு?

எண்ணுவது எப்படி? மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட வேண்டும். ஆனால் யாருக்கு மருந்து என்பதை மருத்துவரே தேர்ந்தெடுத்தால் ஒரு தொல்லை உண்டு. மிகவும் மோசமாக இருப்பவர்களுக்கே அவர் மருந்து கொடுக்கக்கூடும். அப்போது மருந்துக் குழுவில் சாவு அதிகமானால், அது மருந்தினாலா, நோயினாலா? தெரியாது.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் நாணயம் சுண்டுவதைப் போன்ற முறையைக் கையாள்கின்றனர். தலை விழுந்தால் மருந்து; பூ விழுந்தால், பார்வைக்கு அதே போலிருக்கும் மருந்தில்லாத மாத்திரை. இதற்குப் 'பிளாசிபோ' என்று பெயர். யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எனவே ஒருவருடைய எதிர்பார்ப்பு முடிவை ஒரு பக்கமாகச் சாய்க்க இயலாது.

உங்கள் வகுப்பிலேயே இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டி, இரு குழுக்களாகப் பிரியுங்கள். இரு குழுக்களின் சராசரி உயரத்தைக் கணக்கிடுங்கள். கண்ணாடி அணிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்திருக்கும். யாரும் திட்டமிட்டுச் சமப்படுத்தவில்லை, நாணயமே சமப்படுத்திவிட்டது. பிறகு ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு பலமுறை செய்து பாருங்கள். நெட்டையர்கள் எல்லாரும் ஒரே பக்கம் போய்விடுவதும் உண்டு. சோதனைக்கு நிறையப் பேர் தேவைப்படுவது இதனால்தான்.

எண்ணிப் பார்த்தபோது

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1987-இல் இத்தகைய சோதனை ஒன்றைத் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் 'காஸ்ட்'. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில், மருந்து யாருக்கு முந்து துடிப்பை நன்றாக அடக்கியதோ அவர்களை மட்டுமே இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இந்தச் சோதனைக்கு எதிர்ப்பும் இருந்தது. நல்ல மருந்து கையில் இருக்கும்போது, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையைக் கொடுப்பது அநியாயம் அல்லவா என்று சில மருத்துவர்கள் கருதினர்.

1989 ஏப்ரலில், கண்காணிப்புக் குழுவினர் அதுவரை சேர்ந்திருந்த கணக்கைப் பார்த்தனர். உடனே இந்த இரு மருந்துகளையும் நிறுத்தும்படி பரிந்துரைத்தனர். முழு விவரம் 1991-இல் வெளிவந்தது.

என்கைனைடு அல்லது பிளெக்கைனைடு பெற்றவர்கள் 755 பேர். அவர்களில் இறந்தவர்கள் 63.
பிளாசிபோ பெற்றவர்கள் 743 பேர். அவர்களில் இறந்தவர்கள் 26.

சராசரியாகப் பத்து மாதங்களுக்குள் இவ்வளவு வேறுபாடு! மருந்து முந்து துடிப்பை அடக்கியது உண்மை. ஆனால் ஆளையும் கொன்றது. 'பாவம், மருந்து கிடைக்கவில்லையே' என்று இரங்கப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள்.

ஏன் இப்படி? பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. இம்மருந்துகள் மின் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. நலமான தசையில் அலை விரைவாகப் பரவி முடிந்துவிடும். தழும்பின் ஓரத்தில் உள்ள நலிந்த தசையில் அலை ஏற்கெனவே மெதுவாகத்தான் செல்கிறது. மருந்து அதனை இன்னும் தாமதப்படுத்துகிறது. அலை தழும்பைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள், முதலில் சுருங்கிய தசை ஓய்வெடுத்து மீண்டும் சுருங்கத் தயாராகிவிடுகிறது. ஆகவே அலை ஓயாமல், செக்குமாடு போலச் சுற்றத் தொடங்குகிறது. அதிலிருந்து பிறப்பதே அந்த உயிர்க்கொல்லி நடுக்கம்.

இத்தனை மருத்துவர்கள் கொடுத்தும் ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மருத்துவரிடம் இத்தகைய நோயாளிகள் 20 பேர் இருப்பதாகக் கொள்வோம். மேற்கண்ட விகிதப்படி, மருந்து கொடுத்தால் ஏறத்தாழ 2 பேரும், கொடுக்காவிட்டால் ஒருவரும் இறக்கலாம். மாரடைப்பு வந்தவர் இறந்தால் யார் மருந்தைச் சந்தேகிப்பார்கள்? தனி ஒருவரின் அனுபவம் எவ்வளவு நீண்டதாயினும், இந்த வேறுபாடு அதில் புலப்படாது.

காஸ்ட் சோதனையால் பிளெக்கைனைடு மறைந்துவிடவில்லை. இதயத்தில் தழும்பு போன்ற கோளாறு இல்லாத, மேலறைத் துடிப்பு மட்டும் ஒழுங்கற்றிருக்கும் சிலருக்கு அது இன்றும் பயன்படுகிறது. 'நல்ல மருந்தா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'யாருக்கு நல்லது?' என்றும் கேட்க வேண்டும்.

பழைய விடையும் மறுபடி சோதனைக்கு

ஒருமுறை சோதித்து வென்ற மருந்துக்கும் மறு சோதனை உண்டு. இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை எடுத்துக்கொள்வோம். 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இவ்வகை மருந்து பெற்றவர்களில் 7.2 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 9.8 விழுக்காட்டினரும் இறந்தனர். மருந்து வென்றது. ஆனால் இப்போது அடைப்பை உடனே நீக்கும் சிகிச்சையும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன. பலருக்கு மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் வலிமை குறைவதில்லை. அவர்களுக்கும் இம்மருந்து தேவையா?

சுவீடன், எஸ்டோனியா, நியூசிலாந்து நாடுகளில் இத்தகைய 5,020 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 7.9 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கும் மரணமோ மறு மாரடைப்போ நேர்ந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2025-இல் ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் ஆய்வும் பயனில்லை என்றது. அதே ஆண்டில் வந்த நார்வே, டென்மார்க் ஆய்வு சிறிது பயன் உண்டு என்றது. எனவே ஆராய்ச்சி தொடர்கிறது. இதயம் வலுவிழந்தவர்களுக்கு இம்மருந்து உயிர் காப்பது என்பதில் ஐயமில்லை. ஆகையால் வீட்டில் யாரேனும் இதை உட்கொண்டால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது.

நீங்களே விடை காணுங்கள்

1. காஸ்ட் சோதனையில் ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தனர்? ஒன்று மற்றதைப் போல எத்தனை மடங்கு?

2. "இந்தக் கஷாயத்தைக் குடித்தேன், ஏழு நாளில் சளி போயிற்று" என்று ஒருவர் சொல்கிறார். கஷாயத்தினால்தான் போயிற்று என்று முடிவு கட்டுமுன், அவரிடம் என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்?

3. அந்தக் கஷாயத்தை உங்கள் பள்ளி மாணவர்களிடம் சோதிக்க ஒரு திட்டம் எழுதுங்கள். நாணயம் எங்கே வருகிறது? 'பிளாசிபோ'வாக எதைக் கொடுப்பீர்கள்? எத்தனை பேர் வேண்டும்? எழுதியதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டி விவாதியுங்கள்.