கேம்பரை ஏற்றிவிட்டு அளவெடுங்கள்: உயர்த்திய பழைய டிரக்குக்கு ஷாக் அப்சார்பர்

அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை வெளிவந்த ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டி போன்ற நான்குசக்கர இயக்க டிரக்குகள் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள், ஒரே தண்டாக அமைந்த கனத்த அச்சு, ஏணி போன்ற சேசி என்று உழைக்கப் பிறந்த வண்டிகள் அவை. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட கேம்பரைப் பின்தட்டில் ஏற்றிப் பாலைவனத்துக்குப் போக நினைப்பவர்கள் பலர் வண்டியை நான்கோ ஆறோ அங்குலம் உயர்த்தியிருப்பார்கள். அடுத்து ஷாக் வாங்க விற்பனைப் பட்டியலைத் திறந்தால், எத்தனை அங்குல உயர்வுக்கு எந்த ஷாக் என்ற வரிதான் முதலில் கண்ணில் படும். அதை மட்டும் நம்பி வாங்கினால் தேர்வு பிழைத்துப்போகும். உயர்வு என்பது வெறும் வண்டியில் அளந்த கணக்கு. கேம்பர் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, ஷாக்கின் மேல் கீழ் பிடிப்புகளுக்கு நடுவே இருக்கும் தூரமும் அது அடக்க வேண்டிய நிறையும் மாறிவிடுகின்றன. ஆகவே முதலில் எடை, அடுத்து ஸ்பிரிங், அதன்பின் சுமையோடு எடுத்த நீளம், கடைசியாகத்தான் ஷாக். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

எடையில் தொடங்குவோம். தண்ணீர்த் தொட்டி, எரிவாயு, டீசல், பயணிகள், சாமான்கள் எல்லாம் ஏறிய நிலையில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) எடைமேடைகள் முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியே காட்டும். கேம்பரில் ஒட்டியிருக்கும் எடை பெரும்பாலும் காலிக் கேம்பரின் எடை. 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ கூடும். கேம்பரோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை என இரண்டு சீட்டுகளும் வேண்டும். ஓட்டுநர் கதவோரத்து ஒட்டியில் உள்ள அச்சு வரம்புகளையும் மொத்த எடை வரம்பையும் (எஃப்-250-இல் அது பெரும்பாலும் 8,800 பவுண்டு, ஏறக்குறைய 4,000 கிலோ) அவற்றோடு ஒப்பிடுங்கள். வரம்பு மீறியிருந்தால் எந்த ஷாக்கும் அதைச் சரிசெய்யாது. சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு வண்டி பார்க்க வேண்டும்.

சாதாரண ஷாக் எடையைத் தாங்குவதில்லை. எடை முழுவதும் ஸ்பிரிங்கின் மேல்தான். ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது எழும் ஆட்டத்தை, துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி வெப்பமாக்கிக் கரைப்பதுதான் ஷாக்கின் வேலை. இருபது வயது கடந்த பட்டைகள் தளர்ந்து தட்டையாகியிருந்தால் முதலில் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது ஒரு பட்டை கூட்ட வேண்டும். காற்றுப் பை போட்டாயிற்று, இனி ஷாக்கைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். தாழ்ந்த பின்பக்கத்தைக் காற்றுப் பை தூக்கி நிறுத்தும் என்பது உண்மையே. ஆனால் அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். ஆட்டத்தைத் தணிக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. ஒரு ஷாக் எவ்வளவு அடக்கும் என்பது நிறையையும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவு. பின் அச்சின் மேல் உள்ள நிறை இரட்டித்து ஸ்பிரிங் மாறாமல் இருந்தால், அதே ஷாக்கின் அடக்கும் பலம் சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பும் இரட்டித்தால் சரிபாதியாகிவிடுகிறது. பை சேர்த்த வண்டிக்கு வலுவான ஷாக் இன்னும் அவசியம் என்பதே இதன் பொருள். காற்றடித்துத் தூக்கும் ஷாக்கை மாற்றாகச் சொல்வதும் உண்டு. அது சுமையை ஷாக்கின் பிடிப்புகளுக்கு மாற்றுகிறது. ஆட்டத்தை மட்டும் தாங்க உருவான, துருப்பிடித்த பழைய பிடிப்புகள் அதில் விரிசல் விடக்கூடும்.

அடுத்தது அளவெடுப்பு, பணம் வீணாகும் இடமும் இதுதான். கேம்பர் ஏறிய வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பழைய ஷாக்கின் மேல் பிடிப்பின் மையத்திலிருந்து கீழ் பிடிப்பின் மையம் வரை அளக்கவும். அச்சுக்கும், அது மேலேறிச் சேசியில் இடிக்காமல் காக்கும் தடுப்பு ரப்பருக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பிடிப்புகளின் தூரம் 18.5 அங்குலம், இடைவெளி 3 அங்குலம், ரப்பர் நசுங்க 1 அங்குலம் என்று கொண்டால், பெரிய குழியில் அந்தத் தூரம் 14.5 வரை குறுகலாம். அரை அங்குலம் பாதுகாப்புக்கு விட்டு, முழுதாக அமுங்கிய நிலையில் 14 அங்குலத்தைத் தாண்டாத ஷாக்கைத் தேட வேண்டும். தாண்டினால் ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கி, உள்ளே இருக்கும் பிஸ்டன் நொறுங்கும். சாய்ந்து நிற்கும் ஷாக் அச்சைவிடக் குறைவாகவே அசையும் என்பதால் இந்தக் கணக்கு பாதுகாப்பான பக்கமே சாயும். பிறகு கேம்பரை இறக்கி, சேசியை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, ஷாக்கைக் கழற்றி, அச்சு முழுதாகத் தொங்கும்போது அதே தூரத்தை அளக்கவும். பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று அப்போதே கவனியுங்கள். அது 22.5 என்றால், விரிந்த நீளம் குறைந்தது 23 வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்குள் அடங்குவதுதான் உங்கள் ஷாக், பட்டியலில் அதற்கு எதிரே எத்தனை அங்குல உயர்வு எழுதியிருந்தாலும். அப்படி ஒன்று கிடைக்கவே இல்லையென்றால், மாற்ற வேண்டியது பிடிப்புகளின் இடம்.

அளக்கும்போதே சாய்வையும் பாருங்கள். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த ஷாக் தன் வலிமையில் முக்கால் பங்கைத்தான் அச்சுக்குக் கொடுக்கும். 45 பாகையில் பாதி. உயர்த்தும்போது பிடிப்புகளை இடம் மாற்றியிருந்தால் இந்த இழப்பு ஓசையில்லாமல் நேர்ந்திருக்கும்.

இனி வகை. இரட்டைக்குழாய் ஷாக்கில் உள்குழாயைச் சுற்றி எண்ணெய் சேமிப்பு இருக்கும்; வெளியே கல் பட்டுக் குழிந்தாலும் வேலை நிற்காது. ஆனால் டெத் வேலியின் ரேஸ்டிராக் சாலை போல, அலையலையாக மடிந்த கப்பிச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் தொடர்ந்து ஓடினால் எண்ணெய் சூடேறி, வாயுவோடு கலந்து நுரைத்து, பிடி தளரும். ஒற்றைக்குழாய் வகையில் உயர் அழுத்த நைட்ரஜனை ஒரு மிதக்கும் பிஸ்டன் எண்ணெயிலிருந்து பிரித்து வைக்கிறது. வெளிக்குழாயே காற்றில் படுவதால் வெப்பமும் விரைவில் வெளியேறும். கேம்பரோடு நெடுந்தூரம் மண்சாலையில் போகிறவருக்கு இதுவே மேல் என்பது என் முடிவு. உயர்த்திய வண்டிகளுக்கென வரும் பில்ஸ்டீன் 5100 இந்த வகை. அதன் வால்வு, பிஸ்டன் மெதுவாக நகரும்போதே நல்ல எதிர்ப்பைக் கொடுத்து, கூர்மையான அடியில் அதே விகிதத்தில் இறுக்கத்தைக் கூட்டாமல் விடுகிறது. உயரமான கேம்பர் வளைவில் சாய்வது மெதுவான அசைவு. ஓட்டுநரைப் பதற வைப்பதும் அதுதான். ஷாக் அந்தச் சாய்வின் வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு சாயும் என்பதைக் குறைக்க முறுக்குத் தண்டு (ஆன்டி-ரோல் பார்) வேண்டும். இரண்டையும் ஒன்றென எண்ணி ஷாக்கிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் கிடைப்பதில் மிக இறுக்கமானதை வாங்கிவிடலாமே என்பது நியாயமாகத் தோன்றும் வாதம். ஷாக் விரியும்போது கொடுக்கும் தடை அளவுக்கு மீறினால், ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து முடிக்கும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். அலைச்சாலையில் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் தடுப்பு ரப்பரில் உட்காரும். கேம்பரை இறக்கிவிட்டு ஓட்டும் மாதங்களில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் கேம்பர் ஏற்றுபவருக்கு, ரேஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் போன்ற ஒன்பது நிலைத் திருகு கொண்டது பொருந்தும். அது ஒற்றைக்குழாய் வகை அல்ல என்பதால் நீண்ட கரடுமுரடில் இடையிடையே நிறுத்த வேண்டியிருக்கும். கேம்பரை இறக்கவே போவதில்லை என்றால் அந்தத் திருகுக்குக் கொடுக்கும் பணம் தேவையற்றது. முன்பக்கத்துக்கும் அதே வலிமையில் வாங்க வேண்டியதில்லை. கேம்பரின் எடைமையம் பின் அச்சுக்குச் சற்று முன்னே விழுமாறு வைத்தால் முன் அச்சில் கூடுவது சொற்பம். உங்கள் இரண்டு எடைச்சீட்டுகளே அதைக் காட்டிவிடும்.

மாட்டும்போது இடமும் வலமும் சேர்த்தே மாற்றுங்கள். பளபளக்கும் தண்டை இடுக்கியால் பிடிக்காதீர்கள். கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் நின்று வண்டி வழக்கமான உயரத்துக்கு வந்த பிறகே முழுதாக இறுக்கவும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் போல்ட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பிறகு கேம்பரோடு ஒரு கரடுமுரடான சாலையில் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, தொடாமல் வெப்பம் காட்டும் மானியால் ஒவ்வொரு ஷாக்கின் உடலையும் பாருங்கள். ஒரே அச்சின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை; புதிதாக இருந்தாலும் உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.