நம்பாதவன் கையில் வேத நூல்

அன்புள்ள தம்பிக்கு,

ஆம்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பழைய நூல்களைப் பிரித்துத் தைத்துத் தோல் அட்டை கட்டும் இக்கலையைக் கற்று, தனியே பட்டறை வைத்த சில மாதங்களுக்குள்ளேயே, ஒரு வீட்டார் தம் பாட்டனார் ஓதிய குர்ஆனையும், இன்னொரு வீட்டார் தம் குடும்பத்துப் பைபிளையும் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். ஆனால், கடவுளையே ஏற்காத நீ இந்நூல்களுக்கு மட்டும் மரியாதை செலுத்தினால் அது வேஷமாகாதா என்றும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசிய உன் முன்னோரைத் தீண்டத்தகாதவரென ஒதுக்கிய சாஸ்திரம் நாளை உன் மேஜைக்கு வந்தால் அதையும் மதிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விகள், அவற்றிற்கு மழுப்பலான பதில் கூறுவது உனக்குச் செய்யும் அநீதி.

என் அபிப்பிராயம் இது: நம்பாதவன் எந்த வேத நூலையும் வணங்கக் கடமைப்பட்டவன் அல்லன், ஆயின் அதைச் சிரத்தையோடு கையாளவும், தீர்ப்புச் சொல்லுமுன் முழுதும் படிக்கவும் கடமைப்பட்டவன்.

கையின் சிரத்தையை முதலில் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் தோலும் வேதமும் நெடுங்காலமாக அண்டை வீட்டார். தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு காகா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். அதற்கும் முன்பே வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா எழுந்தது. அதே வேலூரில்தான், சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும், நெற்றிச் சின்னம் அணியலாகாது, தோற்சின்னம் வைத்த புதிய தலைப்பாகையைத் தரிக்க வேண்டும் என்று அதிகாரிகள் பிறப்பித்த உத்தரவுகளால் மூண்ட கோபம் 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கோட்டையில் இரத்தமாய்ப் பெருகியது. தமக்கு அற்பமாய்த் தோன்றிய ஒன்று பிறருக்கு எவ்வளவு பெரிது என்று விசாரிக்காத அகம்பாவமே அவ்வதிகாரிகள் செய்த பிழை. ஆதலால், அட்டைக்கு எந்த விலங்கின் தோல் என்பதை நூலுக்குரியவரைக் கேட்காமல் தீர்மானியாதே. குர்ஆனுக்குப் பன்றித் தோலும், திருவாசகத்திற்கு மாட்டுத் தோலும், சமண நூலுக்கு எந்தத் தோலும் மனத்தைப் புண்படுத்தக்கூடும்; அத்தகையோருக்குக் காலிகோ துணி இருக்கிறது. குர்ஆனைத் தரையில் வைக்காதே. அதன்மேல் கத்தியையோ பசைக் கிண்ணத்தையோ வைக்காதே. உதிர்ந்த ஏடுகளைக் குப்பையில் சேர்க்காமல் உரியவரிடமே திருப்பிக் கொடு. அவர்கள் தம் முறைப்படி அடக்கம் செய்துகொள்வார்கள். பைபிளின் விளிம்பை இயந்திரத்தில் கொடுத்துச் சமன்படுத்திவிடாதே. மூன்று தலைமுறையின் பிறப்பும் இறப்பும் அங்கே மையால் எழுதப்பட்டிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பெருமையான ஆவாரம்பட்டைத் தோல் புத்தகக் கட்டுக்கு நெடுங்காலம் நிற்காது. நாளடைவில் செந்தூளாய் உதிரும் என்பதை லண்டன் கலைச் சங்கம் நியமித்த குழு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டது. அதை அறிந்தும் மறைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு அத்தோலையே கட்டிக் கொடுக்கும் பக்திமானைக் காட்டிலும், உண்மையைச் சொல்லி, நிலைக்கும் தோலைத் தேடிப் போட்டு, மயில்துத்தம் சேர்த்த பசையைப் பக்குவமாய்க் காய்ச்சி, ஃபாரம் ஒன்றும் பிசகாமல் தைத்துத் தரும் நாஸ்திகனே அந்நூலுக்கு மெய்யான மரியாதை செய்தவன்.

இனிப் படிப்பின் சிரத்தை. சைவ மடத்துச் சூழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியின் பொருள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று மாணாக்கராய் அமர்ந்து கேட்டுத் தெளிந்து, 1887இல் அதைப் பதிப்பித்தார். அதனால் அவர் சமணராகிவிடவில்லை. அவருடைய சைவமும் குறைந்துவிடவில்லை. எதிர்ப்பவர்களுக்கும் இந்நெறியே பொருந்தும். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமென்று வாதிட்ட அண்ணா, ரா. பி. சேதுப்பிள்ளையையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரையும் மேடையில் எதிர்கொண்டபோது, அந்நூல்களைப் படித்துத் தேர்ந்தே வந்திருந்தார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை, அவ்வுழைப்பை மதிக்கிறேன்.

உன் முன்னோரின் காயத்தைத் தொட்டுக் கேட்டாயே, அதற்கும் வருகிறேன். 1927 டிசம்பர் 25ஆம் நாள் மஹாதில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஒரு நூல் மனிதனை மனிதனல்லன் என்று விதிக்குமானால், அவ்விதிக்கு மரியாதை கோரும் உரிமை எவருக்கும் இல்லை. அதைப் பகிரங்கமாக மறுப்பது உன் சுதந்திரம் மட்டுமன்று, தர்மமுங்கூட. ஆயினும் தன் பிரதியை எரித்து மறுப்பது வேறு, பிறர் நம்பி ஒப்படைத்த பிரதியைப் பாழாக்குவது வேறு. அத்தகைய நூலைக் கட்ட உன் மனச்சாட்சி இடங்கொடாவிட்டால், வாங்குமுன்னரே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பு; வாங்கிக்கொண்டபின் வேலையில் வஞ்சம் காட்டாதே.

சட்டத்தை எண்ணி இவற்றையெல்லாம் செய் என்று நான் சொல்லவில்லை. பெரியார் 1953இல் திருச்சியில் மண் பிள்ளையாரை உடைத்த வழக்கில், 1958இல் உச்சநீதிமன்றம், ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருள் வழிபடப்படாததாயினும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியதே என்று விளக்கியது. ஆனால் தண்டனைக்கு அஞ்சிப் பணியும் கை, காவலர் அகன்றதும் மாறிவிடும். மேலும், விமர்சிப்பவன் வாயை அடைத்துப் பெறும் மரியாதையால் எந்த வேதத்திற்கும் கௌரவம் இல்லை. நம்பாதவனிடம் அடக்கத்தை எதிர்பார்க்கும் ஆஸ்திகரும், அவன் கேள்விகளைப் பொறுமையோடு கேட்கக் கடமைப்பட்டவர்களே.

ஆகவே தம்பி, அந்தக் குர்ஆனைக் கட்டி முடிக்குமுன் அதன் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடிப் படி, பைபிளையும் அவ்வாறே. படித்தபின் நம்பிக்கை பிறக்காவிடில் அதற்காக வெட்கப்படாதே. உரியவர் கேட்டால் நீ நம்பாதவன் என்பதை ஒளிக்காமல் சொல். உன் வேலையின் நேர்மையைக் கண்டபின்னும் அடுத்த நூலை அவர்கள் உன்னிடமே கொண்டுவருவார்களானால், உங்கள் இருவரிடையே உண்டான அந்த நம்பிக்கை எந்த வாதத்தாலும் கிட்டாதது. அதற்குத் தகுதியுடையவனாய் நட.

உன் நலம் நாடும்,
வேலூரிலிருந்து ஒரு மூத்த தொழிலாளி