மறதி நோயின் ஆரம்ப நிலையில் உடற்பயிற்சியும் உரையாடலும்

வயது போனவர் ஒருவர் ஆட்களை மாறிச் சொல்லத் தொடங்கினால் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஊரில் இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். மாணவர்களே, விடைத்தாளில் இதனை முதுமையின் இயல்பு என எழுதிவிடாதீர்கள். மறதி நோய் மூளைக் கலங்கள் பாதிப்புறுவதால் ஏற்படும் ஒரு நோய்நிலையாகும். இதில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர் நோய். அதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அப்படியாயின் ஆரம்ப நிலையிலுள்ளவருக்குச் சமூகம் செய்யக்கூடியது எதுவுமில்லையா?

அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஷரோன் ஆர்கின் என்ற ஆய்வாளர் 1990களில் நடத்திய 'எல்டர் றீஹாப்' திட்டத்தைப் பாருங்கள். இங்கு முதியவர்களுக்குத் துணையாக நின்றவர்கள் வைத்தியர்களோ தாதியர்களோ அல்லர். உங்களைவிடச் சில வயதே மூத்த பல்கலைக்கழக மாணவர்கள். ட்ரெட்மில்லில் நடத்தல், நிலையான சைக்கிளை மிதித்தல், பாரம் தூக்கல், சமநிலைப் பயிற்சி என்பன இவர்களின் மேற்பார்வையில் நடைபெற்றன. கூடவே பேச்சும் நடந்தது. இருவரும் சேர்ந்து சமூகத் தொண்டுக்கும் சென்றனர். பங்குபற்றிய முதியவர்களின் உடற்றகைமை குறிப்பிடத்தக்களவு முன்னேறியதாக 2003 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறுகின்றது.

பேச்சு என்றதும் வெறும் பொழுதுபோக்கு என எண்ண வேண்டாம். என்ன கேட்கிறோம் என்பதே இங்கு முக்கியம். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று நாம் அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனால் அவருக்கு அது பரீட்சை. அல்சைமர் நோயில் பொதுவாக அண்மைக்கால ஞாபகமே முதலில் பாதிக்கப்படுவதால் அவர் விடை தெரியாது வெட்கப்படுவார், பிறகு பேச்சையே குறைத்துக்கொள்வார். பழைய நினைவுகளும் சொந்த அபிப்பிராயங்களும் அதைவிட நீண்ட காலம் நிலைக்கும். எனவே அத்திட்டத்தில் படமொன்றை விபரிக்கச் சொன்னார்கள், பழமொழிக்குக் கருத்துக் கேட்டார்கள், ஆலோசனை கேட்டார்கள். இவற்றுக்குப் பிழையான விடை என்று பெரிதாக ஒன்றில்லை. ஆலோசனை கேட்கப்படும் மனிதர் வீட்டில் இன்னும் பெரியவராகவே இருக்கிறார்.

கவனிக்க: "உடற்பயிற்சியால் மறதி நோய் குணமாகும்" என எழுதினால் புள்ளி கிடைக்காது. உடற்றகைமை, உளநலம், சமூகத் தொடர்பு ஆகியவற்றைப் பேண உதவும் என்றே எழுதுக.

பயிற்சி வினா: மறதி நோயின் ஆரம்ப நிலையிலுள்ள உங்கள் அம்மம்மாவுடன் மாலையில் நடந்து செல்கிறீர்கள். அவரிடம் கேட்கத்தக்க 3 வினாக்களை எழுதி, ஒவ்வொன்றையும் தெரிவுசெய்தமைக்கான காரணத்தைத் தருக.