சாவிக்கொத்து டார்ச்: வாசகர் கேள்விகளும் கடைக்காரர் பதில்களும்

சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். என் கடைக்கு எரியாத டார்ச் வரும். தென்காசியில் கடிகாரமும் டார்ச்சும் பழுது பார்க்கிறவன் நான். ஆனியும் ஆடியும் காற்றடித்துக் கரண்ட் போகும்போதுதான் சாவிக்கொத்தில் தொங்குகிற அந்தச் சின்ன விளக்கின் ஞாபகம் எல்லாருக்கும் வருகிறது. இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே.

கேள்வி: என் கீ-செயின் டார்ச் மூன்று வருடம் நன்றாக எரிந்தது. பேட்டரி தீர்ந்ததும் 2032 பட்டன் செல் ஒன்று வாங்கிப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் மின்மினிப்பூச்சி மாதிரி எரிகிறது. கடைக்காரர் போலியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரா?
*— செங்கோட்டை வாசகர்*

பதில்: அவரைத் திட்டாதீர்கள். பழைய செல் ஒன்றா, இரண்டா? அதை நீங்கள் எழுதவில்லை. இரண்டாகத்தான் இருந்திருக்கும். செல்லின் மேல் பொறித்திருக்கும் எண் வெறும் மாடல் பெயர் இல்லை, அளவு. 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2016 என்றால் அதே அகலம், 1.6 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு 2016-ஐ ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு 2032-இன் தடிமன் வந்துவிடும். இடம் பொருந்தும், வோல்ட் பொருந்தாது. முன்பு 6 வோல்ட் இருந்த இடத்தில் இப்போது 3 வோல்ட். இரண்டு 2016 வாங்கிப் போடுங்கள்.

இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. ஒரு 2032 இருந்த இடத்தில் இரண்டு 2016-ஐ அடுக்கி, "பளிச்சுன்னு எரியுது அண்ணாச்சி" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த எல்இடி கருகிப் போகலாம். பிறகு பேட்டரியை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் தாத்தா பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார், எரியும். நான் கீ-செயின் செல்லை மொட்டைமாடியில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?
*— கடையநல்லூர் வாசகர்*

பதில்: தாத்தா வைத்தது பழைய துத்தநாக-கார்பன் கட்டை. சூடும் கொஞ்சம் ஓய்வும் கிடைத்தால் உள்ளே தேங்கி நின்ற ரசாயனம் மறுபடி நகரும், இன்னும் ஒரு ராத்திரி ஓடும். அது செத்தவனுக்கு உயிர் வந்ததல்ல, களைத்தவன் எழுந்து உட்கார்ந்தது. இன்றைய அல்கலைனையும் லித்தியத்தையும் வெயிலில் வைத்தால் ஒழுகும், ஆயுள் குறையும். பைக் சாவியில் டார்ச்சை மாட்டி சித்திரை வெயிலில் நாள்பூரா நிறுத்துகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: "100 மணி நேரம் எரியும்" என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். இரண்டாம் நாள் ராத்திரியே வெளிச்சம் பாதி இல்லை. எந்த பேட்டரி போட்டால் 100 மணி நேரம் வரும்?
*— சுரண்டை வாசகர்*

பதில்: வாங்க ஐயா. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

எத்தனை மணி நேரம் எரியும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு வெளிச்சத்தில் என்று ஒருவரும் கேட்பதில்லை. இது ஒரு மூட்டை அரிசி எத்தனை நாள் வரும் என்று, வீட்டில் எத்தனை பேர் என்பதைச் சொல்லாமல் கேட்பது மாதிரி. அமெரிக்காவில் 2009-இல் டார்ச்சுகளுக்கு எஃப்எல்-1 என்று ஓர் அளவுகோல் வைத்தார்கள். அதன்படி எரியும் நேரம் என்பது, போட்டு 30 வினாடி கழித்து இருக்கிற வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரையுள்ள நேரம். அதாவது 100 லூமென் டார்ச் 11 லூமெனுக்கு வந்த பிறகும் கணக்கில் "எரிந்துகொண்டுதான்" இருக்கிறது. இது ஒழுங்காக அளக்கிறவர்களின் கணக்கு. எந்த அளவுகோலும் இல்லாதவர்கள், இருட்டறையில் உற்றுப் பார்த்தால் தெரிகிற கடைசிப் பொட்டு வரை எண்ணுவார்கள்.

அடுத்தது செல்லின் கொள்ளளவு. 2032-இல் சுமார் 220 எம்ஏஎச் இருக்கிறது என்பது சரி. ஆனால் அந்த எண் ஒரு மில்லி ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் சொட்டுச் சொட்டாக எடுத்தால் வருவது. கம்ப்யூட்டரின் கடிகாரத்துக்கும் எடை மெஷினுக்கும் கார் ரிமோட்டுக்கும் செய்த செல் அது. நம் எல்இடி 20 மில்லி ஆம்பியர் கேட்கிறது, நூறு மடங்கு. நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊற்று குறைந்த கிணற்றில் வாளியால் இறைத்தால் நாள்பூரா தண்ணீர் வரும். அதே கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சேறுதான். அணைத்துவிட்டு ஓர் இரவு கழித்துப் போட்டால் டார்ச் மறுபடி கொஞ்சம் தெளிவாக எரிகிறதே, அது ஊறின தண்ணீர்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கிற மூன்று குட்டிச் செல் டார்ச் (எல்ஆர் 44, ஏஜி 13 என்பதும் அதேதான்) இன்னும் மோசம். அதைவிடச் சின்ன எல்ஆர் 41 போட்ட டார்ச்சைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானோடு சேர்த்துவிடுங்கள். டிவி ரிமோட்டில் போடுகிற டிரிபிள் ஏ அல்கலைன் ஒன்று, சுமார் 1000 எம்ஏஎச், வெறும் 1.5 வோல்ட்தான் என்றாலும், உள்ளே இருக்கிற மொத்தச் சக்தி 2032-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகமாகக் கேட்டாலும் அது முகம் சுளிக்காது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சாவிக்கொத்து கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

இனி நிஜமான கேள்வி: உங்களுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமென். பூட்டின் துவாரம் பார்க்க, மாடிப்படி இறங்க, விழுந்த சில்லறையைத் தேட அதில் பாதி போதும், அதை ஒரே திசையில் அடித்தால். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழகக் குறைந்தது இருபது நிமிஷம் ஆகும். நூறு லூமெனை ஒருமுறை அடித்தால் அத்தனையும் வீண், மறுபடி குருடுதான். இரண்டு நிலை உள்ள டார்ச்சை வாங்குங்கள். குறைந்த நிலையிலேயே போடப் பழகுங்கள்.

அட்டையை நம்பாதீர்கள், காலண்டரை நம்புங்கள். ராத்திரி கதவைச் சாத்திவிட்டு, தினக் காலண்டர் தாளில் ராகுகாலம் போட்டிருக்கும் வரியை ஒரு கை தூரத்தில் வைத்து வாசியுங்கள். அரைமணிக்கு ஒருதரம் வாசியுங்கள். எப்போது வாசிக்க முடியவில்லையோ, அதுதான் உங்கள் டார்ச் எரியும் நேரம்.

கேள்வி: ஃபோனிலேயே டார்ச் இருக்கும்போது இது எதற்கு?
*— பாவூர்சத்திரம் வாசகர்*

பதில்: கரண்ட் போன ராத்திரியில் உங்கள் ஃபோனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஒரே பழைய செல்லில் சிவப்பு டார்ச் எரிகிறது, வெள்ளை எரியவில்லை. சிவப்புக்கு அப்படி என்ன மகிமை?
*— ஆய்க்குடி மாணவர்*

பதில்: நல்ல கேள்வி தம்பி. வெள்ளை எல்இடி என்று தனியாக ஒன்றும் கிடையாது. நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பார்கள். இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். நீல ஒளிக்குச் சக்தி அதிகம், அதனால் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். அந்த நீலத்தைப் பிடித்ததற்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். ஒரே டிரிபிள் ஏ செல்லில் வெள்ளை எரிகிறதென்றால் உள்ளே வோல்ட்டை ஏற்றுகிற சின்ன சர்க்யூட் இருக்கிறது. ரிமோட் கைவிட்ட செல்லையும் அது உறிஞ்சி எரிக்கும். ஆனால் அப்படி ஒட்ட உறிஞ்சின செல்லை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். ஒழுகும்.

கேள்வி: அப்படி ஒழுகித்தான் விட்டது. ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. தூக்கிப் போடவா?
*— புளியங்குடி வாசகி*

பதில்: எலுமிச்சை ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா, தங்கச்சி? அல்கலைன் செல்லிலிருந்து ஒழுகுவது காரம். பஞ்சு சுற்றின குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேயுங்கள், நுரைத்து இளகும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்திவிட்டுச் செல்லைப் போடுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம், கண்ணில் படக்கூடாது. ஸ்பிரிங் பச்சை பிடித்து ஒடிந்துவிட்டால் மட்டும் கொண்டுவாருங்கள்.

கேள்வி: டிரிபிள் ஏ அளவிலேயே 3.7 வோல்ட் சார்ஜ் செல் கிடைக்கிறதாமே, போடலாமா?
*— ஆலங்குளம் வாசகர்*

பதில்: டார்ச்சின் அட்டையில் அந்தச் செல்லின் எண், 10440 என்று எழுதியிருந்தால் போடலாம். இல்லாவிட்டால் கூடாது. வீட்டில் யாராவது அதை எடுத்துக் கடிகாரத்தில் போட்டுவிட்டால் கடிகாரமும் என்னிடம் வரும். சார்ஜ் செல் வேண்டுமென்றால் 1.2 வோல்ட் நிக்கல் வகையே போதும், அதிலும் "குறைந்த தன்னிழப்பு" உள்ளது. சாதாரண வகை, சும்மா தொங்கினாலே மாதா மாதம் கரைந்துவிடும்.

கேள்வி: யுஎஸ்பி-யில் சார்ஜ் போடும் கீ-செயின் டார்ச் நல்லதா? போன சீசனுக்கு வாங்கினது இந்த சீசனுக்கு எரியவில்லை.
*— இலஞ்சி வாசகர்*

பதில்: தினமும் உபயோகிக்கிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தேடுகிறவருக்கு அதைவிடக் கெட்டது இல்லை. உள்ளே இருக்கிற லித்தியம்-அயான் முழுசாக வற்றிக் கிடந்தால் பாழாகும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் சார்ஜ் போட உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உங்களுக்கு ஒரு டிரிபிள் ஏ டார்ச்சும் ஒரு லித்தியம் டிரிபிள் ஏ செல்லும் போதும். அது சார்ஜ் செல் இல்லை, ஒருமுறை போடுவது. விலை கூடுதல், ஆனால் பத்து வருடம் கழித்தும் எரியும், ஒழுகுவது அபூர்வம்.

கேள்வி: அருவியில் குளிக்கும்போது சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். டார்ச்சில் ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருக்கிறது. தண்ணீர் இறங்குமா?
*— குற்றாலத்துக்கு வந்துபோகும் மதுரை வாசகர்*

பதில்: ஐபிஎக்ஸ் 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத தண்ணீரில், 30 நிமிஷம். ஐந்தருவியும் பேரருவியும் அசையாத தண்ணீரா? முதுகைப் பிடித்துத் தள்ளுகிற அந்த அடியைச் சோதனைச்சாலையில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு எண்ணெய்க் குளியல் வேறு. எண்ணெய்க் கையால் டார்ச்சைத் திருகினால் வழுக்கும், மூடி அரைகுறையாக இறுகும். ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும். சாவிக்கொத்தைக் குளிக்காமல் நிற்கிற ஒருவரிடம் கொடுங்கள். குரங்கிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிறது. மோட்டார் போட வயலுக்குப் போக கீ-செயின் டார்ச் போதுமா?
*— சங்கரன்கோவில் பக்கத்து விவசாயி*

பதில்: போதாது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் திரியும். வரப்பில் நடக்கத் தலையில் மாட்டும் விளக்கோ பெரிய டார்ச்சோ வேண்டும், காலில் பூட்ஸ் வேண்டும். சின்னது, மோட்டார் ரூம் பூட்டைத் திறக்க. பெரியது கைவிட்டால் வீடு திரும்ப.

கேள்வி: பேரன் கீ-செயின் லைட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருக்கிறான். அதில் பேட்டரி தீர்ந்துவிட்டது, எரிவதில்லை. அதனால் பயமில்லைதானே?
*— மேலகரம் ஆச்சி ஒருவர்*

பதில்: ஆச்சி, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் பிடுங்குங்கள்.

டார்ச் எரிக்கத் தெம்பில்லாத பட்டன் செல்லுக்கும் குழந்தையின் உணவுக்குழாயை அரிக்கத் தெம்பிருக்கும். ஈரமான சதையில் ஒட்டிக்கொண்டால், மிச்சமிருக்கிற மின்சாரமே அங்கே காரத்தை உண்டாக்கும். இரண்டு மணி நேரத்தில் பெரும் புண் ஆகிவிடும். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல்தான் எல்லாவற்றிலும் ஆபத்து, தொண்டையில் சரியாகச் சிக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும்; 108-ஐக் கூப்பிட்டு, எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம் கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளையாக இருந்தால் போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்காகத் தேன் தேடி ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம்.

பிள்ளை உள்ள வீட்டில் ஸ்குரூ போட்டு மூடின டார்ச் மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் வெளியே.

கேள்வி: தீர்ந்த செல்களை என்ன செய்வது?
*— வல்லம் வாசகர்*

பதில்: சிற்றாற்றில் வீசாதீர்கள். பட்டன் செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு டப்பாவில் சேர்த்து, பேட்டரிக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். 2022-ஆம் வருட விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

இன்னும் ஒன்பது கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. அத்தனையிலும் "சின்ன வட்ட பேட்டரி" என்றுதான் எழுதியிருக்கிறது. மூடியைத் திறந்து, செல்லின் வயிற்றில் என்ன எண், மொத்தம் எத்தனை செல் என்று பார்த்து எழுதுங்கள். அந்த இரண்டும் இல்லாத கடிதத்துக்கு அடுத்த மாதமும் பதில் கிடையாது.