ஒரு வரிக் கட்டளை

நுழையும்முன்

கணினித் திரையில் ஒரு வரியைத் தட்டச்சு செய்தவுடன், தேவையான மென்பொருள் இணையம்வழி வந்து தானே அமர்ந்துகொள்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் முகமறியாப் பலரின் உழைப்பும் அவ்வுழைப்பைச் சரிபார்க்கும் முறையும் இருக்கின்றன. அவற்றை அறிந்து கட்டளையிடுவதன் இன்றியமையாமையை இப்பாடம் விளக்குகிறது.

நிரலகம்

வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் செங்கல்லைத் தாமே சுடுவதில்லை. அதுபோல நிரல் எழுதுவோரும் அனைத்தையும் புதிதாக எழுதுவதில்லை. பலருக்கும் தேவைப்படும் செயல்களை முன்னரே எழுதித் தொகுத்து வைத்திருப்பதே நிரலகம் எனப்படும். இணையத்தின்வழித் தரவுகளை அனுப்பவும் பெறவும் உதவுவது வலையமைப்பு நிரலகம். இவ்வகையில் பெரிதும் பயன்படுவது லிப்கர்ல். சுவீடன் நாட்டு நிரலாளர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998ஆம் ஆண்டில் கர்ல் என்னும் கருவியை வெளியிட்டார். பிற நிரல்களும் அதன் ஆற்றலைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் 2000ஆம் ஆண்டில் லிப்கர்ல் வெளிவந்தது. இன்று திறன்பேசி, தொலைக்காட்சி, மகிழுந்து எனப் பலவற்றின் உள்ளே அது அமைதியாக இயங்கி வருகிறது.

தொகுப்பு மேலாளர்

லிப்கர்ல் தனித்து இயங்குவதன்று. தரவை மறைகுறியாக்க ஓப்பன்எஸ்எஸ்எல், சுருக்கிய தரவை விரிக்க இசட்லிப் எனப் பிற நிரலகங்களை அது நாடுகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை நம்பி நிற்பதைச் சார்பு என்பர். சார்புக்கும் சார்பு உண்டு. இவற்றையெல்லாம் ஒருவர் தாமே தேடி, உரிய பதிப்புகளைப் பொருத்துவது கடினம். அப்பணியை மேற்கொள்ளும் மென்பொருளே தொகுப்பு மேலாளர்.

1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெபியன் இயங்குதளத்தில் ஆப்ட் என்னும் தொகுப்பு மேலாளர் உள்ளது. உபுண்டுவும், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலின் இக்கட்டளைகள் அவற்றிற்கும் பொருந்தும்.

கட்டளையின் பயணம்

முதலில் இட வேண்டியது 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளை. இது எந்த மென்பொருளையும் நிறுவாது. களஞ்சியத்திலுள்ள தொகுப்புகளின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். அடுத்தது, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்கர்ல்4-ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ்' என்பது. கணினியில் இவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்தல் வேண்டும். 'சூடோ' என்னும் சொல் கணினியின் முழு அதிகாரத்தையும் அக்கட்டளைக்கு வழங்குகிறது. 'டெவ்' என்னும் ஈறு, நிரல் எழுதுவோருக்குரிய கோப்புகள் அடங்கிய தொகுப்பு என்பதை உணர்த்துகிறது.

ஆப்ட் சார்புகளைக் கணக்கிடுகிறது. கூடுதல் தொகுப்புகள் தேவைப்படின், அவற்றின் பெயர்களையும் அவை கொள்ளும் இடத்தையும் காட்டி, 'தொடரலாமா?' என வினவுகிறது. பலர் படிக்காமலேயே 'ஆம்' என விடையளிக்கும் இடம் இதுவே. முழு அதிகாரத்துடன் உள்ளே வரப்போவன எவை என்பதை மனிதர் பார்த்து முடிவு செய்வதற்கே அவ்வினா எழுப்பப்படுகிறது.

முத்திரையும் அதன் எல்லையும்

களஞ்சியப் பட்டியலில் ஒவ்வொரு தொகுப்புக்கும் விரல்ரேகை போன்ற ஓர் எண்கோவை உண்டு. அப்பட்டியல் டெபியனின் மின்னணுக் கையொப்பத்தால் உறுதி செய்யப்படுகிறது. வரும் வழியில் எவரேனும் தொகுப்பில் சிறு மாற்றம் செய்தாலும் எண்கோவை மாறிவிடும். ஆப்ட் அதனை நிறுவ மறுக்கும். ஆயினும் ஓலையின்மேல் இட்ட இலச்சினை அனுப்பியவர் யார் என்பதைச் சொல்லுமேயன்றி, உள்ளிருக்கும் செய்தி நல்லதா என்பதைச் சொல்லாது.

இவ்வுண்மையை 2024ஆம் ஆண்டு உலகம் உணர்ந்தது. எக்ஸ்இசட் என்பது தரவைச் சுருக்க உதவும் மென்பொருள். அதனை ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். அவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கு மேல் பங்களித்து நம்பிக்கையைப் பெற்றபின், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையே அவரது இலக்கு. டெபியனில் அச்சேவை எக்ஸ்இசட்டை நேரடியாக நாடவில்லை. அதன் சார்பின் சார்பாகவே எக்ஸ்இசட் இருந்தது. டெபியனின் சோதனை நிலைப் பதிப்புகளுக்குள் அது முறையான கையொப்பத்துடனேயே நுழைந்தது.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், எஸ்எஸ்எச் வழி நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். பொருட்படுத்தத் தகாதது என விட்டுவிடாமல் காரணத்தைத் தேடினார். கள்ளவழியைக் கண்டறிந்து 2024 மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். டெபியனின் நிலைத்த பதிப்பை அடைவதற்குள் அது அகற்றப்பட்டது. எந்திரத்தின் சரிபார்ப்பைக் கடந்த தீங்கினை ஒரு மனிதரின் கூர்நோக்கு தடுத்தது.

பயன்படுத்துவோர் கடமை

தொகுப்பின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுதல், அறியாத களஞ்சியங்களைச் சேர்க்காதிருத்தல், பொருள் புரியாத கட்டளையைப் படியெடுத்து இடாதிருத்தல், வெளியாகும் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுதல் ஆகியன பயன்படுத்துவோரின் கடமைகள். பிழையைக் கண்டால் உருவாக்கியோருக்குத் தெரிவிப்பதும் அக்கடமையுள் அடங்கும். பிறர் உழைப்பை விலையின்றிப் பெறுவோர் அதனைக் காப்பதிலும் பங்கு கொள்ளும்போதே இப்பொதுச்சொத்து நிலைத்து நிற்கும்.

கற்பவை கற்றபின்...

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையுடன், ஒரு நிரலகத்தின் சார்புகளைக் கண்டறிந்து வரைபடமாக வரைக.
2. 'கையொப்பம் உள்ளதால் மட்டும் ஒரு மென்பொருள் பாதுகாப்பானதாகிவிடுமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.