சாரல் காலத்தில் சூடேறாத வெந்நீர்க் கலம்: குற்றாலம், தென்காசி விடுதிகளுக்கான பழுதறி முறை

குற்றாலத்தின் வெந்நீர்த் தேவை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் இறங்கிச் சாரலாகத் தூவும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில்தான் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வருவோரால் விடுதிகள் நிரம்புகின்றன; எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு ஈரக் காற்றில் அறைக்குத் திரும்புகிறவர் முதலில் கேட்பது வெந்நீரையே. மற்ற மாதங்களில் பெரும்பாலும் அணைத்தே கிடக்கும் கீசர் அந்தக் காலத்தில் ஓய்வின்றி உழைக்க நேர்வதால், அது சூடாகவில்லை என்ற புகாரும் அப்போதே குவிகிறது. அப்புகார்கள் எல்லாவற்றுக்கும் கருவியே காரணமாக இருப்பதில்லை என்பதால், எலக்ட்ரீஷியனை அழைத்து மூடியைக் கழற்றச் சொல்வதற்கு முன் சில சோதனைகளை வரிசை தவறாமல் செய்து பார்ப்பது நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்தும்.

‘சூடாகவில்லை’ என்பது உண்மையில் மூன்று வெவ்வேறு புகார்களைக் குறிக்கக்கூடும்: நீர் முற்றிலும் பச்சைத் தண்ணீராகவே வருவது, வெதுவெதுப்புக்கு மேல் ஏறாமல் நிற்பது, முதலில் நன்றாகச் சுட்டுவிட்டு ஓரிரு வாளிக்குள் ஆறிப்போவது. இவற்றில் எது நிகழ்கிறது என்பதை விருந்தினரிடமோ அறைப் பணியாளரிடமோ கேட்டு உறுதிசெய்துகொள்வதே முதற்படியாகும். ஏனெனில் முதலாவது பெரும்பாலும் மின்சாரம் அல்லது நீரைச் சூடேற்றும் காயிலோடும், இரண்டாவது மின்னழுத்தம், உப்புப் படிவு, குளிர்நீர்க் கலப்பு ஆகியவற்றோடும், மூன்றாவது கலத்தின் கொள்ளளவோடும் தொடர்புடையது.

இரண்டாம் படியாக, கருவியால் எவ்வளவு இயலும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடேற்ற 4.186 கிலோஜூல் வெப்பம் வேண்டும் என்பதால், 25 லிட்டர் கீசரில் உள்ள நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர 2 கிலோவாட் காயிலுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் குறை சொல்வதில் பொருளில்லை. அந்த 25 லிட்டரையும் குளிர்நீரோடு கலந்தால் குளிக்க ஏற்ற 40 பாகையில் சுமார் 58 லிட்டர் கிடைக்கும் என்பது கணக்கு; ஆயினும் வெந்நீர் வெளியேற வெளியேறக் குளிர்நீர் உள்ளே புகுந்து கலப்பதால் நடைமுறையில் அதிலும் குறைவாகவே கிடைக்கும். இந்நிலையில் சில சொகுசு விடுதிகளில் வைத்திருக்கும் குளியல் தொட்டியை 150 லிட்டர் அளவுக்கு நிரப்ப 60 பாகை வெந்நீர் மட்டுமே 64 லிட்டர் தேவைப்படும் என்பதால், 25 லிட்டர் கீசரை வைத்துக்கொண்டு தொட்டி சூடாகவில்லை என்று பழுது தேடுவது வீண் வேலை. அங்கே வேண்டியது பெரிய கலம்.

கணக்கு சரியாக இருந்தும் நீர் சூடாக வரவில்லையென்றால், மூன்றாம் படியாக நீர்வழியை ஆராய வேண்டும். கீசருக்குள் குளிர்நீர் நுழையும் வால்வை இறுக மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். குழாயில் தேங்கியிருந்த நீர் வடிந்ததும் ஒழுக்கு நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்து வருமானால், வேறெங்கோ குளிர்நீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுகிறது என்று பொருள். வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாயின் இரு திருகுகளும் திறந்திருக்க, அதன் முனையில் பொருத்திய கைஷவர் மட்டும் மூடப்பட்டிருக்கும்போது இது நிகழும். மிக்ஸருக்குள் உள்ள வாஷர் தேய்ந்திருந்தாலும் இதே விளைவுதான். அந்த மிக்ஸர் பக்கத்து அறையில் இருந்தாலும், இரண்டு அறைகளுக்கும் ஒரே வெந்நீர் லைன் என்றால் கலப்பு நடந்தே தீரும். அண்மையில் பிளம்பிங் வேலை நடந்த அறையாயின், நீல வளையம் உள்ள நுழைவாயிலும் சிவப்பு வளையம் உள்ள வெளிவாயிலும் மாற்றி இணைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; மாறியிருந்தால் குளிர்நீர் கலத்தின் மேற்பகுதியில் விழுந்து அங்குள்ள வெந்நீரை உடனே ஆற்றிவிடும்.

நான்காம் படி மின்சாரம். இதில் கருவியின் முகப்பிலுள்ள சிறு விளக்கு நல்ல வழிகாட்டி: பெரும்பாலான கீசர்களில் காயிலுக்கு மின்சாரம் செல்லும்போது எரிந்து, நீர் குறித்த சூட்டை எட்டியதும் அணையும் விளக்கு ஒன்று உண்டு. நீர் குளிர்ந்திருந்தும் அவ்விளக்கு எரியவில்லையென்றால் மின்சாரம் காயில் வரை எட்டவில்லை. விளக்கு நெடுநேரம் எரிந்தும் நீர் குளிராகவே இருந்தால் காயில் அறுந்திருக்க வேண்டும். முதல் நிலையில் எம்.சி.பி., அதாவது மிகை மின்னோட்டத்தில் தானே விழும் சுவிட்ச், மேலே நிற்கிறதா என்றும், பிளக் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்து, எம்.சி.பி.யை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவி, பித்தளைக் கால்கள் கருத்திருக்கின்றனவா, சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். 2 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதைச் செருகுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

மாலையில் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் கீசர் ஓடும் கட்டடத்தில் மின்னழுத்தம் சரியக்கூடும். காயிலின் வெப்பத்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். அதனால் 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் காயில் 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1,225 வாட் மட்டுமே தந்து, அரை மணி வேலையை ஐம்பது நிமிடத்துக்கு இழுத்துவிடும். காலையில் நன்றாகச் சுட்ட கீசர் மாலையில் மட்டும் சோர்கிறது என்றால், மல்டிமீட்டரால் மாலை நேரத்து மின்னழுத்தத்தை அளந்து பார்க்காமல் உதிரிபாகம் எதையும் மாற்றக் கூடாது. அறைகளுக்கு நேரம் ஒதுக்கி இரண்டு கூட்டமாகக் கீசரை இயக்கினாலே இக்குறை பெரும்பாலும் தீரும்.

குற்றாலத்துக்கே பொருந்தும் மற்றொரு தொல்லையும் உண்டு. காயிலின் உலோக உறைக்குள் மின்காப்புக்காக அடைக்கப்படும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. மாதக்கணக்கில் ஓடாமல் சாரல் ஈரத்தில் கிடந்த கருவியை சீசனின் முதல் நாள் போட்டதும், உறை வழியாகச் சிறு கசிவு ஏற்பட்டு, கசிவு மின்னோட்டத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். அது அடிக்கடி விழுகிறது என்று சலித்து அதைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்கும் வழக்கம் ஆங்காங்கே காணப்படுகிறது. குளியலறையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உயிரைப் பணயம் வைக்கும் செயல் அது. காயிலைக் கழற்றி உலர்த்தி, மெக்கர் கருவியால் காப்புத் தடையைச் சோதித்து, மெகா ஓம் கணக்கில் தடை காட்டினால் மட்டுமே திரும்பப் பொருத்த வேண்டும். காட்டாவிட்டால் புதுக் காயில்தான் வழி.

மூடியைக் கழற்றுவது ஐந்தாம் படி. அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. எம்.சி.பி.யை அணைத்து, முனைகளில் மின்சாரம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்த பின்னரே அவர் கைவைக்க வேண்டும். நியான் டெஸ்டரை மட்டும் நம்புவது போதாது. உள்ளே மூன்று உறுப்புகளைச் சோதிக்க வேண்டும். நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்அவுட் விழுந்திருந்தால், அதன் நடுவிலுள்ள சிறு பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்ற ஒலியோடு அது மீண்டும் இணையும். ஆனால் ஓரிரு நாளில் மறுபடி விழுமானால், குறித்த சூட்டில் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றே கொள்ள வேண்டும்; பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது பழுதை மறைக்குமே தவிர நீக்காது. தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளுக்கிடையே, நீர் குளிர்ந்திருக்கும்போது மீட்டர் தொடர்பைக் காட்ட வேண்டும். காயிலின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு அளந்தால், 2 கிலோவாட் காயில் சுமார் 26 ஓம் தடை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் அது அறுந்துவிட்டது.

காயில் ஏன் அறுந்தது என்பதைக் கண்டறியாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் நெடுநாள் தாங்காது. மேல்நிலைத் தொட்டியில் நீர் தீர்ந்திருக்கையில் கீசரைப் போட்டது ஒரு காரணமாகலாம். உப்புப் படிவு மற்றொன்று. மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்று நீரைவிட ஆழ்துளைக் கிணற்று நீரில் பொதுவாகக் கரைந்த உப்புகள் மிகுதி என்பதால், போர் தண்ணீரையே நம்பியிருக்கும் கட்டடங்களில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து காயில் மீது வெள்ளைப் பொருக்காகப் படிகின்றன. பொருக்கு வெப்பத்தை நீருக்கு விடாமல் தடுப்பதால் காயில் உள்ளுக்குள் காய்ந்து வெடிக்கிறது. அதற்கு முன்னறிவிப்பாகக் கீசர் ஓடும்போது சடசடவென்ற ஒலி கேட்கும். பொருக்கைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து நீக்கலாம். கழிவறை ஆசிட்டைக் கலத்துக்குள் ஊற்றினால் உட்பூச்சே அரித்துப்போகும். கலம் திறந்திருக்கும் வேளையில், அது துருப்பிடிக்காமல் தன்னை அரிக்கக் கொடுக்கும் மக்னீசியம் தண்டு தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. மூடிய பின் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்று முழுவதும் வெளியேறி நீர் சீராக விழத் தொடங்கிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை 60 பாகையில் வைப்பது பொருத்தம். தேங்கிய வெதுநீரில் பெருகும் நோய்க்கிருமிகளைக் கருதி உலக சுகாதார நிறுவனம் சேமிப்பு வெந்நீருக்குப் பரிந்துரைக்கும் சூடும் அதுவே.

மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் உள்ள விடுதிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். தென்காசி வடக்கு அட்சரேகை 9 பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு இறுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஹீட்டரோ வழக்கப்படி தெற்கு நோக்கிச் சாய்க்கப்பட்டிருக்கிறது. 20 பாகை சாய்ந்த ஹீட்டர் ஜூன் இறுதியில், வானம் தெளிந்திருந்தாலும்கூட, நண்பகல் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவை இழக்கிறது. அதன்மேல் மேகமும் கவியும்போது பகல் முழுவதும் கழிந்தும் நீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுவது இயற்கையே. ஆகவே வெயிலடிக்கும் ஒரு நாளில் மட்டுமே அதன் பழுதைத் தேட வேண்டும்.

அன்று நண்பகலில் ஹீட்டரின் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களின் அடிமுனையைப் பார்த்தால், வெற்றிடம் கெடாத குழாயில் வெள்ளி போன்ற பூச்சும், கெட்டுப்போனதில் பால்போன்ற வெளுப்பும் தெரியும். வெளுத்த குழாயின் வெளிப்புறம் தொட்டாலே சுடும். குரங்குகள் பிய்த்தெறிந்த குழாய்க் காப்புறையைப் புதுப்பித்து, சாரலோடு வீசும் பலத்த காற்றில் வெப்பம் களவு போகாமல் மூட வேண்டும். காற்றுப் போக்கியான செங்குத்துக் குழாயில் அடைப்பு இருந்தால் உள்ளே காற்றடைத்து நீர் இறங்காமல் நின்றுவிடும்.

சோலார் கலத்தில் துணைக்காகப் பொருத்தப்படும் 2 கிலோவாட் காயிலைக் காலை ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு ஆறு மணிக்கு வெந்நீரை எதிர்பார்ப்பதும் பரவலான தவறு. 200 லிட்டர் நீரில் அக்காயில் ஒரு மணி நேரத்தில் 8.6 பாகை மட்டுமே ஏற்றும். 25 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுசெல்ல நான்கு மணி நேரம் வேண்டும் என்பதால், டைமர் வைத்து இரவு இரண்டு மணிக்கே அதை இயக்க வேண்டும். சீசன் வருமானத்தையே நம்பியிருக்கும் விடுதி புதிதாகச் சோலார் அமைக்கும்போது, தயாரிப்பாளர் குறிக்கும் குறைந்தபட்சச் சாய்வுக்குக் கீழே போகாமல் இயன்றவரை தாழ்வான ஸ்டாண்டைக் கேட்டு வாங்குவது தகும். தாழ்ந்த சாய்வு வடக்கே நிற்கும் சூரியனையும், மேகத்தினூடே பரவி வரும் ஒளியையும் கூடுதலாக ஏற்கும்.